பதினோரு விநாடி

கால்சட்டை ஆலை முதலாளியின் வாயிலிருந்து ஒரு பெண்ணின் அலறல் முதன்முதலாக வெளிவந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து நாற்பதுக்கு. அது பதினோரு விநாடி நீடித்தது. அதற்குக் காரணம் நான். வானொலி நிலையத்தில் ஒலிநாடாவை வெட்டி ஒட்டுவது என் வேலை. எந்தப் பாட்டும் மூன்று நிமிடத்தைத் தாண்டக் கூடாது என்பது நிலையத்தின் விதி. முந்தின நாள் வந்த பாட்டு ஒன்பது விநாடி கூடுதலாக ஓடியது. நடுவில் ஒரு கூச்சல். மைக்கும் ஸ்பீக்கரும் நேருக்கு நேர் நின்றுவிட்டால் எழும் ஊளைச் சத்தம் என்று முடிவுகட்டினேன். இருபது வருட அனுபவசாலி மட்டுமே செய்யக்கூடிய தவறு அது. புதிதாகச் சேர்ந்தவனென்றால் காதால் கேட்டிருப்பான். மெழுகுப் பென்சிலால் இரண்டு கோடு போட்டு, பிளேடால் சாய்வாக வெட்டி, இரு முனைகளையும் ஒட்டி, பதிவேட்டில் 'இரைச்சல், பதினோரு விநாடி, நீக்கப்பட்டது' என்று அழகாக எழுதினேன். வெட்டிய துண்டு என் உயரத்தைவிடக் கொஞ்சம் நீளம். அதைச் சுருட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சாப்பிடப் போனேன். மறுநாள் பாட்டு ஒலிபரப்பானது. அது ஒட்டிய இடத்தைக் கடந்த கணத்தில், கூட்டமொன்றில் 'வளர்ச்சி' என்று சொல்ல வாய் திறந்திருந்த முதலாளி அலறினார்.

பாடியது 'பழுது' என்ற குழு. பெயரை யோசித்தெல்லாம் வைக்கவில்லை. ஆலை லிஃப்டில் வருடக்கணக்காகத் தொங்கிய பலகையைக் கழற்றி டிரம்மில் மாட்டினார்கள், அவ்வளவுதான். டிரம் அடித்தவள் பேக்கரியில் மாவு பிசைபவள். கிதார் வாசித்தவள் பல் டாக்டரின் உதவியாளர். மூன்றே இடத்தில்தான் அவளுக்கு விரல் வைக்கத் தெரியும், அது போதும் என்பது அவள் கட்சி. பாடியவள் ஆலையில் பொத்தான் தைப்பவள். அவள் தங்கை அங்கேயே இஸ்திரி இயந்திரத்தில் நின்றாள். ஒருநாள் இயந்திரத்தின் மேல்தட்டு தங்கையின் வலது கைமேல் இறங்கியது, மேலே எழும்பவில்லை. நிறுத்தும் சுவிட்ச் மேற்பார்வையாளர் அறைக்குள் இருந்தது. பெண்கள் அதை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள் என்று முதலாளி அறையைப் பூட்டி வைத்திருந்தார். கதவை உடைக்கப் பதினோரு விநாடி ஆயிற்று. தங்கை கத்தவில்லை; உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். கதவு திறந்துதான் இருந்தது, பெண்ணுக்குத்தான் கவனமில்லை என்று முதலாளி விசாரணையில் சொன்னார். அப்படியே எழுதிக்கொண்டார்கள். தங்கை கத்தாமல் விட்டதைத்தான் அக்கா பாட்டின் நடுவில் வைத்திருந்தாள். நான் சட்டைப்பையில் வைத்திருந்ததும் அதைத்தான்.

அக்கா நிலையத்துக்கு வந்து பதிவேட்டைக் கேட்டாள். தலையில் பாதி மழித்திருந்தாள். காலர் முழுக்க ஊக்குகள். நான் எழுதியிருந்ததை வாய்விட்டுப் படித்தாள். "கையெழுத்து முத்துமுத்தா இருக்கு சார்," என்றாள். மன்னிப்புக் கேட்டேன், துண்டை மறுபடி ஒட்டிவிடட்டுமா என்றும் கேட்டேன். "உங்க பிளேடு, உங்க பாக்கெட்டு, என்னை ஏன் கேக்கறீங்க?" என்று சொல்லிவிட்டுப் போனாள். எனக்கு இது பழக்கம்தான். சாப்பாடு ஆயிற்றா என்று கேட்டால்கூட என் மனைவி, "அடுப்பு என்ன உங்களுக்குப் பகையா, போய்ப் பாக்கறதுதானே," என்பாள். நேரான பதில் வாங்குகிற முகம் எனக்கு அமையவில்லை.

பாட்டு பரவியது. ஒரே வருடத்தில் ஊரில் ஊக்குக்குப் பஞ்சம் வந்து, தாய்மார் குழந்தைகளின் கவுனை நாடாவால் கட்டினார்கள். மெதுவாகப் பேசு, மெதுவாகப் பேசு என்று வளர்க்கப்பட்ட பெண்கள் பேருந்தில் கண்டக்டரைவிட உரக்கப் பேசினார்கள். 'ரத்து', 'மதிய இடைவேளை', 'அப்பாவுக்குத் தெரியாது' என்று நாற்பது குழுக்கள் கிளம்பின. வாசிக்கத் தெரிந்தவர்கள் நாலு பேர்கூடத் தேறமாட்டார்கள். எங்கே யார் அந்தப் பாட்டைப் போட்டாலும் முதலாளி அலறினார். தொண்டை பச்சைக் குழந்தையின் தொண்டைபோல் இருக்கிறது என்று மருத்துவர்கள் எழுதிக் கொடுத்தார்கள். இதற்கிடையில் ஆலையின் விளம்பரப் பிரிவு, இளசுகளுக்குப் பிடித்த துள்ளலான மெட்டு என்று, அதையே கால்சட்டை விளம்பரத்துக்கு எடுத்துக்கொண்டது. முதலாளிதான் கையெழுத்துப் போட்டார். பாவம், அந்தப் பாட்டை அவரால் முழுதாகக் கேட்க முடிந்ததே இல்லை. முக்கியமான இடத்தில் கத்திக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு நாளுக்கு நாற்பது முறை. விஷயம் பிடிபட்டு விளம்பரத்தை நிறுத்தினார். ஆனால் முணுமுணுத்தாலே போதும் என்பதை இஸ்திரிப் பிரிவுப் பெண்கள் அதற்குள் கண்டுபிடித்திருந்தார்கள். முறை வைத்து முணுமுணுத்தார்கள். அவர் கார் போகும் தெருவில் காய்கறிக்காரர் முணுமுணுத்தார், தபால்காரர் சீட்டியடித்தார். நானும் ஓரிரு முறை செய்திருக்கிறேன். சரி, ஓரிரு முறை இல்லை.

என் சட்டைப்பைச் சமாசாரம் முதலாளியின் காதுக்கு எட்ட ஒன்பது வருடம் ஆயிற்று. என் வெட்டு மேசைக்கு அவரே வந்தார். கால்சட்டை முதலாளிக்குக் கால்சட்டை இடுப்பில் நிற்கவில்லை, அவ்வளவு இளைத்திருந்தார்.

"தம்பி, அந்தத் துண்டை ஒட்டிடுப்பா. அது பாட்டுக்குள்ள போயிட்டா என்னை விட்டுடும்."

"கதவு பூட்டியிருந்துதுன்னு ஒரே ஒரு தடவை சொல்லுங்க ஐயா, இப்பவே ஒட்டறேன்."

"திறந்துதான் இருந்துது," என்றார். அவர் கண்ணில் நீர் வந்தது. எனக்கும் வந்தது, என் மனசு ஈரத்துணி, யார் பிழிந்தாலும் வடியும். ஆகவே மறுபடியும் அக்காவிடம் போய் நின்றேன்.

"ஒன்பது வருஷமா தப்பான ஆளையே கேட்டுட்டு இருக்கீங்களே சார், அலுக்கலையா?" என்றாள்.

தங்கை நூலகத்தில் புத்தகங்களுக்கு முத்திரை குத்துகிறாள், இடது கையால். வலது கை மேசைக்குக் கீழே இருந்தது. நாடாச் சுருளை அவள்முன் வைத்து, ஊளைச் சத்தம் என்று நினைத்ததிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"இன்னமும் திறந்துதான் இருந்துதுங்கறாரா?"

"ஆமாம்மா. நீயே சொல்லு. ஒட்டட்டுமா, வேண்டாமா?"

எதிர்க்கடை வானொலியில் அப்போது அந்தப் பாட்டுதான் ஓடியது. ஒட்டிய இடத்தைத் தாண்டியது. நாலு தெரு தள்ளி ஆலையிலிருந்து அலறல் கிளம்பி, ஜன்னல் வழியாக வந்து, அலமாரிகளுக்கிடையில் நிறைந்தது. யாரும் தலை தூக்கவில்லை. ஒருவர் பக்கம் புரட்டினார். தங்கை முத்திரையைக் கீழே வைத்துவிட்டுப் பதினோரு விநாடியும் கேட்டாள். அது அடங்கியதும் சுருளை என் பக்கம் தள்ளினாள்.

"வேண்டாம்," என்றாள்.