பெரட்டுக்கு வராதவன்

காஜாங் தாண்டி ஒரு சஃபாரி லோட்ஜ் திறந்திருக்கிறார்கள், ஒரு மணி நேரத்தில் போய்விடலாம் என்று மகன் ராதாகிருஷ்ணன் சொன்னதும் எனக்கு வாயெல்லாம் பல். செந்தூல் பிளாட்டில் ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுத் துணிதான் தெரியும். வரிக்குதிரையைப் பார்த்துக்கொண்டே காப்பி குடிக்கக் கசக்குமா?

போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, அது நாங்கள் பால்மரம் சீவிய பழைய ரப்பர் தோட்டம். பெயரை மாற்றிவிட்டார்கள்.

என் வீட்டுக்காரர் அய்யாவு காரை விட்டு இறங்கவே இல்லை. "திரும்பிப் போலாம்டா" என்றார். அவரை இறக்குவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

காரணம் எனக்குத் தெரியும். எழுபத்தொன்றில் அவர் தம்பி வாசு இங்கேதான் ஆற்றோரம் பாம்பு கடித்துச் செத்தான். பத்தொன்பது வயது. விடிகாலையில் கடித்தது, சாயங்காலம்தான் கண்டெடுத்தார்கள். காலையிலேயே தேடியிருந்தால் பிழைத்திருப்பான் என்றார் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர். ஏன் தேடவில்லை? ஐம்பது வருஷமாகக் கேட்கிறேன். மனுஷன் வாயைத் திறந்தால்தானே!

மறுநாள் காலை ஆறரைக்கு ஜீப் சவாரி. பனி இன்னும் கலையவில்லை. லோட்ஜ் வாசலில் தொங்கிய தண்டவாளத் துண்டை வழிகாட்டி சபாபதி மூன்று முறை அடித்தார். அது எங்கள் பெரட்டு இரும்பு. அந்தச் சத்தம் கேட்டால் வரிசையில் போய் நிற்போம். கங்காணி பெயர் கூப்பிடுவார், வந்தவன் "இருக்கேன்" என்பான். பெயர் பதிந்துவிட்டால் அப்புறம் யாரும் தேடமாட்டார்கள். அவனவன் மர நிரையில் தனியாகத்தானே வேலை.

சபாபதி பட்டியலைப் பார்த்துக் கூப்பிட்டார். "அய்யாவு அங்கிள்?"

"இருக்கேன்."

"ரமணி ஆன்டி?" கையைத் தூக்கினேன். மகனும் தூக்கினான்.

"வாசு?"

"நாங்க மூணு பேர்தான் லா, பாஸ்" என்றான் மகன்.

"லிஸ்ட்ல இருக்கே, பிரதர். வாசு?"

"இருக்கேன்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

அது என் வீட்டுக்காரர் குரல். பல் போகாத, இளவயசுக் குரல். ஆனால் அவர் என் பக்கத்தில் வாயை இறுக மூடிக்கொண்டு நின்றார். திரும்பிப் பார்த்தேன். பனியைத் தவிர ஒன்றுமில்லை.

"ஓகே, எல்லாரும் வந்தாச்சு" என்று சபாபதி பேனாவால் குறித்தார்.

"வரல!" என்று அலறினார் அய்யாவு. "அவன் வரல! மீன் கூடு பாக்க ஆத்துக்குப் போனான். பேர் கூப்பிட்டா சொல்லிடுண்ணேன்னு சொன்னான். நான்தான் இருக்கேன்னு சொன்னேன். அடிச்சுடுங்க அந்தப் பேர!"

இத்தனை வருஷம் ஒரே பாயில் படுத்தும் இதைச் சொல்லவில்லையே என்று நெஞ்சு எரிந்தது. அழுகையும் வந்தது.

சபாபதி ஒன்றும் புரியாமல் அந்தப் பெயரை அடித்தார்.

அய்யாவு அதற்குள் ஆற்றுப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தார். "வாசு! டேய் வாசு!"

செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு நானும் தேடப் போனேன்.