செல்லசாமி வாங்கிய வளையல்

1

இந்தக் கதை ஹட்டன் கடைத்தெருவில் ஒரு வளையல் கடையில் எனக்குக் கிடைத்தது. அறுபத்திரண்டாம் ஆண்டு, மாசி மாதம். அண்ணன் மகளுக்கு ரிப்பன் வாங்கப் போயிருந்தேன். வாட்டசாட்டமான ஓர் இளைஞன் கையில் சவர்க்காரத்தை நுரை வரக் குழைத்துப் பூசிக்கொண்டு, கண்ணாடி வளையலைத் தன் கையிலேயே ஏற்றிப் பார்த்துக்கொண்டிருந்தான். கடைக்காரர் சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டார்.

"இன்னும் பெரிசா எடுங்க. ரதிக்குக் கை நெறைய இருக்கணும்" என்று சிரித்தான் அவன்.

அவனுடைய தேயிலைத் தோட்டத்தில் காமன் கூத்து. இவன் ரதி வேஷம் கட்டுகிறவன். சரியான அளவு கிடைத்ததும் கழற்றி, நூலில் கோத்து வாங்கிக்கொண்டு தெருவில் இறங்கினான். எதிர்ப்பக்கத்தில் நீலச் சுவெட்டர் போட்ட ஒரு பெண் வந்து நின்றாள். அவனைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்தது. அவன் அவளைப் பார்த்தான், கையில் தொங்கிய வளையல்களோடு முகத்தைத் திருப்பிக்கொண்டு பஸ்ஸை நோக்கி ஓட்டமும் நடையுமாகப் போய்விட்டான். அவள் அங்கேயே நின்றாள்.

நான் பார்த்தது அவ்வளவுதான். மீதியெல்லாம் நானே கட்டியது. அதனால் நம்பாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். நம்புங்கள், வேறு வழியில்லை.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "பனி போர்த்திய மலையரசியின் மடியில்..." அடித்துவிட்டேன். மாசிப் பனியில் விடியற்காலை பாத்திரம் கழுவியவர் எவரும் அப்படி எழுத மாட்டார்.

அடுத்து: "அந்த மாடியறையில் மூன்று பெண்கள் வாழ்ந்தார்கள்." மூன்றாமவள் லெட்சுமி. இரண்டு பக்கம் எழுதியும் அவளுக்கு ஒரு வேலையும் கிடைக்கவில்லை. நல்ல இடமாகப் பார்த்துக் கட்டிக்கொடுத்து அனுப்பிவிட்டேன். (சௌக்கியமாக இருக்கிறாள்.)

மிஞ்சியவர்கள் இருவர். நீலச் சுவெட்டர்காரி இந்திராதேவி, கினிகத்தேனையில் மளிகைக் கடை வைத்திருப்பவரின் மகள். ஹட்டனில் பெண்களுக்குத் தையல் சொல்லிக்கொடுக்கிறாள். அம்மாக்கண்ணு அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டமொன்றில் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள். ஒரு டாக்டரின் மருந்துச்சாலையில் காயம் கழுவி, கட்டுப் போடுகிறாள். இரும்புக் கடைக்கு மேலே அவர்களுடைய அறை. ஒரு அடுப்பு, ஒரு கண்ணாடி. வெளியே போட ஒரே ஒரு நல்ல சேலை. அது யாருடையது என்பது இருவருக்குமே மறந்துபோயிற்று. குளிர் தாங்காத நாட்களில் இரண்டு கம்பளிகளையும் ஒன்றாகப் போட்டு, ஒட்டிப் படுத்துக் கதை பேசுவார்கள்.

எட்டுப் பேரோடு ஜன்னலில்லாத ஒற்றைக் காம்பராவில் வளர்ந்த அம்மாக்கண்ணுவுக்கு இந்த மாடியறையில் ஒரு ஜன்னல் இருந்தது. தெருவைப் பார்த்துத் தலை சீவலாம். இதைப் பெரிய விஷயமாக எழுதவேண்டுமா என்று யோசித்தேன். அவளுக்கு அது பெரிய விஷயம்தான்.

3

செல்லசாமி அம்மாக்கண்ணுவின் தோட்டத்துக்காரன், மரக்கறி லொறியில் வேலை. அவளுடைய அம்மா கொடுத்தனுப்பும் கீரையையும் கிழங்கையும் கொண்டுவந்து கொடுப்பான். அப்படிப் படியேறி வந்தவன்தான் இந்திராதேவியைப் பார்த்தான். எப்படிக் காதலித்தார்கள் என்று எழுதினேன், வெட்கமாக இருந்தது, கிழித்துப் போட்டேன். காதலித்தார்கள். இந்திராதேவியின் அப்பா கொண்டுவந்த நுவரெலியாக் கடைக்கார மாப்பிள்ளையை அவள் மூன்று தடவை வேண்டாம் என்றாள். காரணத்தை வீட்டில் சொல்லவில்லை.

(இந்த இடத்தில் கூத்தைப் பற்றிச் சொல்லவேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். சிவன் மன்மதனை எரிப்பார், ரதி புலம்புவாள். ரதியாக ஆடுவது ஆண்தான். காப்புக் கட்டிக்கொண்டவன் காமன் எரியும்வரை, கட்டிக்கொள்ளப்போகிற பெண்ணோடு பேசக் கூடாது, அவள் முகம் பார்க்கக் கூடாது. இது செல்லசாமியின் தோட்டத்து வழக்கம். மீறினால் நேர்த்திக்கடன் தீராது.)

அவன் நேர்ந்துகொண்டது படுக்கையில் கிடந்த தாய்க்காக. தாய் எழுந்து நடமாடிவிட்டாள். காப்புக் கட்டுவதற்கு முதல் நாள் மருந்துச்சாலைக்கு வந்து அம்மாக்கண்ணுவைக் கூப்பிட்டான்.

"தேவிகிட்ட நீயே சொல்லிரு அம்மாக்கண்ணு. காமன் எரியிற வரைக்கும் நான் பேசவே மாட்டேன்னு. பொம்பள வேஷம் கட்டுறேன்னு என் வாயால சொல்ல வெக்கமா இருக்கு. கடைக்காரங்க வீட்டுப் புள்ள, சிரிச்சிரும்."

"சிரிக்காது. நான் சொல்றேன், நீ போ" என்றாள் அம்மாக்கண்ணு.

சொல்லவில்லை.

4

ஏன் சொல்லவில்லை? இங்கேதான் கதை என்னைக் கைவிட்டது.

அவளுக்கும் செல்லசாமி மேல் ஆசை என்று எழுதினேன். எழுதியதும் எல்லாம் சுலபமாகிவிட்டது. அந்தச் சுலபம் பிடிக்கவில்லை.

மறந்துவிட்டாள் என்று எழுதினேன். மருந்துச்சாலையில் அன்று கூட்டம், களைப்பு. நீங்கள் நம்ப மாட்டீர்கள். நானே நம்பவில்லை.

பிறகு ஒரு நாள் அவளை ஜன்னலோரம் உட்காரவைத்துப் பார்த்தேன். இந்திராதேவிக்குக் கல்யாணம் ஆனால் இந்த அறை போய்விடும். தனியாக ஒரு பெண்ணுக்கு எவர் வீடு கொடுப்பார்? திரும்பவும் லயம்தான். அதுகூடப் பரவாயில்லை. இந்திராதேவி போய்விடுவாளே. ராத்திரி இருமினால் எழுந்து சுடுதண்ணீர் வைத்துக் கொடுக்க இந்த உலகத்தில் அம்மாக்கண்ணுவுக்கு இருந்தவள் அவள் ஒருத்திதான். இந்த ஒரு நாள் போகட்டும், நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்திருப்பாள்.

எனக்கு அவள்மேல் கோபம் வரவேண்டும். வரவில்லை. அதுதான் என்னை வருத்துகிறது.

5

அவள் நினைத்த "நாளைக்கு", வளையல் வாங்கிய நாளாக அமைந்தது. அன்று மாலை இந்திராதேவி சுவெட்டரைக்கூடக் கழற்றாமல் பாயில் உட்கார்ந்தாள்.

"அவருக்கு வேற யாரோ இருக்குடி. கை நெறைய வளையல் வாங்கிட்டுப் போறாரு. என்னப் பாத்ததும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டாரு."

அம்மாக்கண்ணு அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"நாளைக்கு அப்பா வர்றாங்க. சரின்னு சொல்லிரப் போறேன். அவங்க வார்த்த குடுத்துட்டா அப்புறம் மாத்த முடியாது." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீ அவரு தோட்டம்தானே. ஒனக்கு ஏதாச்சும் தெரியுமா?"

6

இரண்டு முடிவுகள் எழுதி வைத்திருக்கிறேன்.

ஒன்றில் அம்மாக்கண்ணு சொல்லிவிடுகிறாள். இந்திராதேவி அழுகையோடு சிரிக்கிறாள், "ரதியா? அவரா?" என்று. அப்பா கோபித்துக்கொண்டு போகிறார். கல்யாணம் நடக்கிறது. அறையைக் காலி செய்யும் அன்று அந்தச் சேலையை யார் எடுத்துக்கொள்வது என்று இருவரும் தெரியாமல் நிற்கிறார்கள்.

மற்றதில் அவள் சொல்லவில்லை. காமன் எரிகிற நாளில் ரதிக்கு இந்திராதேவியின் நிச்சயதார்த்தச் செய்தி எட்டிவிடுகிறது. புலம்பல் பாட்டு முடிந்தும் ரதி எழுந்திருக்கவில்லை. வளையல்களைத் தரையில் அடித்து உடைத்துக்கொண்டு அழுகிறாள். "இந்த வருஷம் ரதி நல்லா அழுவுறாப்புல" என்கிறது சனம். தட்டில் காசு போடுகிறார்கள்.

இரண்டாவதுதான் நல்ல முடிவு என்று நண்பர் ராமநாதன் சொல்கிறார். கதைக்கு நல்லதுதான். அந்தப் பையன் கையில் நுரையோடு சிரித்ததை அவர் பார்க்கவில்லை. என்னால் அதை அச்சுக்குக் கொடுக்க முடியாது. முதலாவதையும் முடியாது, நான் அம்மாக்கண்ணுவோடு நிறைய நாள் இருந்துவிட்டேன்.

7

ஆகவே நிறுத்துகிறேன். இந்திராதேவி கேட்டுவிட்டு அம்மாக்கண்ணுவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். விடிந்தால் அப்பா வந்துவிடுவார்.

என்னிடம் கேட்காதீர்கள், நான் வளையல் கடையிலேயே நின்றுவிட்ட ஆள். அந்த அறையில் இப்போது உண்மை தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒன்று அம்மாக்கண்ணு, மற்றது நீங்கள்.

அவள் குனிந்து, களைந்த அரிசியைத் திரும்பவும் களைகிறாள்.