கோட்டின்மேல் விழுந்த பந்து

தவறை மறக்கத் தெரிந்தவரே உலகை ஆளத் தெரிந்தவர். இந்த வாசகத்தைக் கோச் தன் அறைச் சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டியிருந்தார். ஒரு மூலையில் பசை விட்டுப்போய் 'உலகை' மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. அறையில் காற்று இறங்கிய வாலிபால்கள், முழங்கால் தைலத்தின் வாடை. தைலம் அவருடையது.

சுண்டெலி, துவைத்து மடித்த ஜெர்சியை மேசைமேல் வைத்தாள். உயரம் பத்தாததால் வந்த பெயர். பின்வரிசையில் எந்தப் பந்தையும் தரையைத் தொட விடமாட்டாள் என்பதால் நிலைத்த பெயர். போன ஞாயிறு, கடைசி செட்டின் கடைசிப் புள்ளியில் மட்டும் ஒரு பந்தைத் தொடாமல் விட்டுவிட்டாள். அது கோட்டின்மேல் விழுந்தது. கோடும் உள்ளேதான். ஆட்டம் போனது.

"நான் இனிமே வரல சார்."

நாளை மறுநாள் அடுத்த ஆட்டம். தோற்றால் சீசன் முடிந்தது. அவளை விட்டால் பின்வரிசைக்கு ஆளில்லை. இந்த ஆண்டு கோச் தேற்றும் ஏழாவது பிள்ளை இவள். குரலில் ஈரம் வரவழைக்கக்கூடத் தெம்பில்லை. இதற்கென்றே இரண்டு நாள் பயிலரங்குக்குப் போய் ஒரு சான்றிதழும் ஒரு பேனாவும் வாங்கி வந்திருந்தார்.

"இங்க பாரும்மா. மூணே ஸ்டெப்பு. மூச்ச இழு. தப்ப ஒத்துக்கோ. தூக்கிப் போட்டுட்டு அடுத்த பந்தப் பாரு."

"ரெண்டாவது ஸ்டெப்ப யாரு சார் செய்யணும்?"

"தப்பு செஞ்சவங்கதான்."

"அப்ப நீங்க செய்ங்க."

கோச் எழுந்து, தொங்கும் மூலையை அழுத்தி ஒட்டப் பார்த்தார். ஒட்டவில்லை.

"பெஞ்சுலேருந்து 'அவுட்டு, விடு விடு'ன்னு கத்தினது யாரு சார்?"

கத்தியது அவர்தான். அந்த இரைச்சலில் எவர் காதிலும் விழுந்திருக்காது என்று நான்கு நாளாக நம்பிக்கொண்டிருந்தார். ஆட்டம் முடிந்ததும் எல்லார் முன்னாலும், "கண்ண எங்கம்மா வச்சிருந்த?" என்று கேட்டதும் அவர்தான்.

"சரிம்மா. என் தப்புதான். போதுமா?"

"கதவச் சாத்திக்கிட்டுச் சொன்னா எப்படி சார்? திட்டினப்ப மைதானமே கேட்டுச்சே."

வேறு வழியில்லை. வெளியே போய் விசில் ஊதினார். மற்றப் பத்துப் பேரும் வந்து வரிசையில் நின்றார்கள். மூச்சை இழுத்தார். பயிலரங்கில் சொன்னதைவிட அதிக நேரம் இழுத்தார்.

"அன்னிக்கி அந்தப் பந்த விடச் சொன்னது நான்தான். அவ மேல தப்பில்ல."

யாரும் அதிரவில்லை. கேப்டன் ஒட்டகச்சிவிங்கி கொட்டாவியை அடக்கிக்கொண்டாள்.

"அதான் தெரியுமே சார். எங்கப்பா எடுத்த வீடியோவுல உங்க குரல் மட்டுந்தான் கேக்குது."

சுண்டெலி உள்ளே ஓடி ஜெர்சியை எடுத்து மாட்டிக்கொண்டு வந்து, பின்வரிசையில் தன் இடத்தில் நின்றாள்.

ஓரத்தில் குவித்திருந்த பைகளுக்குள் ஒரு செல்போன், "அவுட்டு! விடு விடு!" என்று கத்தியது. யாருடையது என்று பார்க்க ஏழு பேர் ஓடினார்கள். ஏழு பேருக்கும் அதே ரிங்டோன்.