நீல ஊசி போட்ட மாடு

அன்று காலை கொட்டகை ஆபீஸில் இருந்தவர்கள்: நான், பண்ணைக்காரர் வெர்லின் ஹாஷ், மேஜைமேல் கிடந்த போனுக்குள் ரோபோ கம்பெனியின் உதவி ஆள் பிரென்ட். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நூற்றுச் சொச்சம் மாடுகள், மடி கனத்துக் கத்திக்கொண்டிருந்தன. பால் லாரி டிரைவர் ஆர்வ் பிறகு வந்தார். இருந்திருக்க வேண்டிய, மாடுகளுக்கு மருந்து போடும் செலஸ்டினா இல்லை. அக்கா கல்யாணத்துக்காக மெக்சிகோவில் வேராக்ரூஸ் போகும் விமானத்தில் இருந்தாள்.

எனக்கு இரவு ஷிப்ட். கன்றுகளைப் பார்ப்பது, சாணம் தள்ளுவது. கம்ப்யூட்டர் படிப்பைப் பாதியில் விட்டவன் என்பதால் பண்ணையில் எந்தப் பெட்டி நின்றாலும் என் பெயர்தான் அடிபடும். ஷிப்ட் முடிந்து பனியைச் சுரண்டிவிட்டுக் காரில் ஏறப்போனேன். வெர்லின் கைதட்டிக் கூப்பிட்டார்.

"ரோபோ கம்ப்யூட்டருக்கு ராத்திரி அப்டேட் வந்திருக்கு, கர்ட். ஒரே இடத்துல நின்னு சுத்திக்கிட்டே இருந்துச்சு. அணைக்காதேன்னு எழுதியிருந்துச்சு."

"அணைச்சீங்களா?"

"ஒயரைப் பிடுங்கினேன். ரோபோ மக்கர் பண்ணா அதானே பண்றோம்?"

மறுபடி போட்டபோது டிஸ்க்கைப் பழுதுபார்க்க வேண்டும் என்றது திரை. மாடுகளின் விவரம் இருந்த ஃபைல் திறக்கவில்லை. அது திறக்காவிட்டால் கறவை ரோபோக்கள் நகராது. எந்த மாடு வருகிறது, அதன் பால் எங்கே போக வேண்டும் என்பதெல்லாம் அந்த ஃபைலில்தான்.

"ரிப்பேர் ஓடட்டும் சார், தானா சரியாயிடும்" என்றான் பிரென்ட்.

"ஓடக் கூடாது" என்றேன். "டிஸ்க்குக்கு ஒண்ணும் ஆகலை. எந்த ஃபைல் எங்க இருக்குங்கிற விவரம்தான் கலைஞ்சிருக்கு. ரிப்பேர் பண்றேன்னு அது தனக்குப் புரியாததையெல்லாம் அழிச்சிடும். முதல்ல முழுசா ஒரு காப்பி எடுக்கணும்."

"மாடு கத்துறது உன் காதுல விழுதா?" என்றார் வெர்லின்.

"ரெண்டு காதுலயும் விழுது."

டிஸ்க்கைக் கழற்றி என் லேப்டாப்பில் மாட்டினேன். காப்பி ஆமை வேகத்தில் நகர்ந்தது. வெர்லினுக்குப் பொறுக்கவில்லை. அலமாரியில் கிடந்த பழைய கம்ப்யூட்டரை இழுத்து வைத்தார். ஞாயிற்றுக்கிழமைதோறும் சர்ச்சிலிருந்து வந்ததும், ஃபுட்பால் ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால், அவர் பேக்கப் எடுத்து வைப்பார். அந்தப் பென் டிரைவ் சுவரில் ஆணியில் தொங்கியது. பிரென்ட் சொல்லச் சொல்ல அதைச் செருகினார். ரோபோக்கள் உயிர்பெற்றன. முதல் மாடு உள்ளே போயிற்று. கொஞ்சம் கொஞ்சமாகக் கத்தல் அடங்கியது.

"பாத்தியா?" காபியை ஊற்றிக்கொண்டார் வெர்லின். "அரைப் படிப்பு படிச்சவன் பேச்சைக் கேட்டிருந்தா என் மாடெல்லாம் மடி வெடிச்சுச் செத்திருக்கும்."

நான் லேப்டாப்பில் டிஸ்க் காப்பி ஆவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை பேக்கப் என்பதில் ஏதோ இடித்தது. அது என்னவென்று பிடிபடக் கொஞ்ச நேரமாயிற்று.

"ஞாயித்துக்கிழமைக்கு அப்புறம் எந்த மாட்டுக்காவது மருந்து போட்டாங்களா?"

வெர்லின் கோப்பையைக் கீழே வைத்தார்.

மடிநோய்க்கு ஆன்டிபயாட்டிக் போட்ட மாட்டின் பால் எல்லாப் பாலும் சேரும் தொட்டிக்குப் போகக் கூடாது. சில நாளைக்குச் சாக்கடைக்குத்தான். முன்பெல்லாம் அந்த மாட்டின் காலில் சிவப்புப் பட்டை கட்டுவார்கள். ரோபோ வந்ததும், கம்ப்யூட்டருக்குத் தெரியும் என்று பட்டைகளையெல்லாம் குப்பையில் போட்டவர் இவர்தான். இப்போது ஓடுவது ஞாயிற்றுக்கிழமைக் கம்ப்யூட்டர். அதன் பிறகு போட்ட ஊசி அதற்குத் தெரியாது.

"செலஸ்டினா ஒண்ணுக்குப் போட்டா. திங்களோ செவ்வாயோ."

"எது?"

"கறுப்பு வெள்ளை மாடு" என்றவர் கண்ணாடி வழியே பார்த்தார். அங்கே இருந்ததெல்லாம் கறுப்பு வெள்ளை மாடுகள்தான்.

பாய்ந்து போய் ரோபோக்களை நிறுத்தினேன். செலஸ்டினாவின் போன் அணைந்திருந்தது. பாலில் மருந்து இருக்கிறதா என்று பார்க்கும் சோதனைத் தாள்கள் இருந்த பெட்டியைத் திறந்தால் காலி. வெர்லின் அதைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தார்.

அவர் பயம் எனக்குப் புரிந்தது. வசந்தத்தில் ஒருமுறை எங்கள் பாலில் மருந்து இருந்து, அதே லாரியில் இருந்த பக்கத்துப் பண்ணைகளின் பாலும் சேர்ந்து வீணானது. இன்னொருமுறை நடந்தால் வேறு ஆலை பார்த்துக்கொள் என்று பால் வாங்கும் ஆலையில் சொல்லிவிட்டார்கள். இந்த வட்டாரத்தில் புதிதாக யாரிடமும் பால் எடுக்கும் ஆலை கிடையாது.

டிஸ்க்கைக் காப்பி எடுத்து முடிந்தது. திறந்தேன். ஃபைல்களுக்குப் பெயரே இல்லை, வெறும் எண்கள். மாட்டு விவரம் பாதி சிதைந்து கிடந்தது. இருந்தாலும் நடுநடுவே எழுத்துகள் வாசிக்கக் கிடைத்தன. மருந்தின் பெயரைத் தேடினேன். ஒன்றும் இல்லை. மடிநோய் என்று தேடினால் போன வருஷத்து வரிகள்தான் வந்தன.

"அந்தப் பகுதியே போயிருக்கும் சார்" என்றான் பிரென்ட். வெர்லின் போனை அணைத்தார்.

வெளியே லாரி பின்வாங்கும் பீப் சத்தம். ஆர்வ் பூட்ஸ் பனியை உதறிக்கொண்டே உள்ளே வந்தார்.

"என்னப்பா, ரெண்டு பேரும் பேயறைஞ்ச மாதிரி? நம்ம டீம் தோத்தது ஞாயித்துக்கிழமை, இன்னிக்கு இல்ல."



"குழாயை மாட்டு, ஆர்வ்" என்றார் வெர்லின்.

ஆர்வ் பால் அறைக்குப் போனார். நான் வெர்லினைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"ஒரே ஒரு மாடுடா. அதுவும் கறந்துச்சோ இல்லையோ. ரெண்டு நாள் பால்ல கலந்தா என்ன தெரியப்போவுது?"

"வசந்தத்துலயும் ஒரே மாடுதான்."

"உன்னைக் கேட்டேனா?"

கேட்கவில்லைதான். திரையைப் பார்த்தேன். பால் அறையில் ஆர்வ் குழாயை இழுக்கும் சத்தம் கேட்டது. செலஸ்டினா மருந்துகளின் பெயரைச் சொல்லி நான் கேட்டதே இல்லை. ஊசியின் நிறத்தைத்தான் சொல்லுவாள். கொட்டகையில் எத்தனை இரவு என்னிடம் கத்தியிருக்கிறாள், மஞ்சள் இல்லை, நீலத்தை எடு என்று. நீலம்தான் மடிநோய்க்கு. அவள் பேசும் ஸ்பானிஷில் அசூல். அதைத் தேடினேன்.

ஒரே ஒரு வரி வந்தது. செவ்வாய்க்கிழமை. மாடு எழுபத்தொன்பது, அசூல், பின் வலது காம்பு.

பழைய கம்ப்யூட்டரில் இன்று கறந்த மாடுகளைத் திறந்தேன். வரிசையில் இன்னும் நிற்கிறது என்று இருந்துவிடாதா என்று ஒரு கணம் நினைத்தேன். இரண்டாம் ரோபோ, மூன்றாவது மாடு. எழுபத்தொன்பது. பால் போன இடம்: தொட்டி.

லேப்டாப்பை வெர்லின் பக்கம் திருப்பினேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். இரண்டு திரைகளையும் மாற்றி மாற்றிப் படித்தார்.

"மோட்டாரைப் போடவா?" ஆர்வ் அங்கிருந்தே கத்தினார்.

வெர்லின் எழுந்து போனார். என்ன சொல்லப்போகிறார் என்று எனக்குத் தெரியவில்லை. பின்னாலேயே போனேன். அவர் குனிந்து தொட்டி வாயிலிருந்து குழாயைத் தானே கழற்றி ஆர்வின் கையில் கொடுத்தார்.

"இன்னிக்குப் பால் இல்ல."

"தொட்டி நிறைய இருக்கேய்யா!"

"மருந்து கலந்துபோச்சு. சாக்கடைக்குத்தான். ஆலைக்கு நானே போன் பண்றேன். உன் லாரியில ஒரு சொட்டு ஏறலைன்னு மட்டும் நீ சொல்லிடு."

ஆர்வ் ஏதோ கிண்டல் செய்வார் என்று நினைத்தேன். அவர் தொப்பியைக் கொஞ்சம் இறக்கிக்கொண்டார். குழாயைத் தோளில் சுருட்டிக்கொண்டு வெளியே போனார். வெர்லின் அவருக்குப் பின்னால் கதவைச் சாத்தினார். பகலில் அந்தக் கதவை யாரும் பூட்டியதே இல்லை. பால் சாக்கடைக்குப் போவதை யாரும் பார்க்கக் கூடாது என்பதுபோல் அவர் பூட்டினார்.