வானத்தில் ஒரு கறுப்புப் புள்ளி

காலையிலிருந்து விமானத்தில் இது மூன்றாவது ஏற்றம். ஸ்மரண்டாவுக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. கருங்கடல் ஓரத்துத் தளத்திலிருந்து கிளம்பும் சரக்கு விமானத்தின் பின்கதவைத் திறந்துவைத்து, விளிம்பில் மண்டியிட்டு, பின்னால் பறந்து வரும் போர் விமானங்களைப் படமெடுப்பது அவள் வேலை. விழுந்துவிடாமல் இருக்கத் தரையோடு வார் போட்டுக் கட்டிவிடுவார்கள். கேட்கிறவர்கள் வாயைப் பிளப்பார்கள். குளிரில் விரல் மரத்து, கண்ணில் நீர் வழிய அவள் மூன்று வருஷமாக எடுத்த படமெல்லாம் ராணுவப் பத்திரிகையில் கூடவே படமெடுக்க ஏறும் மேஜர் ஸம்ஃபிர் பெயரில்தான் வந்திருக்கிறது என்பதை எவரும் கேட்பதில்லை.

இந்த மாத அட்டைப்படத்துக்கு மட்டும் அவள் பெயரைப் போடுவதாக ஆசிரியர் வாக்குக் கொடுத்திருந்தார். வஸ்லூய் பக்கத்துக் கிராமத்தில் அம்மா கடைக்காரியிடம் பத்திரிகைக்குச் சொல்லியே வைத்துவிட்டாள். குடும்பத்திலேயே முதலாவதாகப் படித்த பெண் ஊரைவிட்டுப் போய் என்ன கிழிக்கிறாள் என்று கேட்கும் வாய்களை அடைக்க, அம்மாவுக்கு அந்த ஒரு வரி வேண்டியிருந்தது.

ஏறுமுன் ஒரு வழக்கம் உண்டு. ஜோடியாக நின்று ஒருவரை ஒருவர் சோதிக்க வேண்டும். சட்டைப்பையில் சில்லறை, விரலில் மோதிரம், எதுவும் ஆகாது. கேமராவில் கழலக்கூடியதையெல்லாம் கறுப்பு டேப்பால் ஒட்டியாக வேண்டும். கதவு வழியே ஒரு திருகாணி விழுந்தாலும் பின்னால் வரும் விமானம் அதை உறிஞ்சிக்கொள்ளும். அதற்கு இருப்பதோ ஒற்றை எஞ்சின்.

ஸம்ஃபிர் அவளை ஓர் இடம் விடாமல் சோதித்தார். "டிராக்டரைப் படம் புடிக்கப் போறோம்னு நெனச்சுக்காத பொண்ணே" என்றார். அவள் அப்பா டிராக்டர் ஓட்டுகிறவர் என்று தெரிந்த நாளிலிருந்து இதே கிண்டல்தான். தன் முறை வந்தபோது அவள் டேப்போடு நெருங்கினாள். "எனக்கேவா?" என்று சிரித்துக்கொண்டே அவர் ஏறிப் போய்விட்டார். மேஜரைக் கையைத் தூக்கச் சொல்லும் தைரியம் அந்தத் தளத்தில் யாருக்கும் கிடையாது. அவளுக்கும் இல்லை.

மேலே இரண்டு போர் விமானங்கள் வந்து சேர்ந்தன. சரக்கு விமானத்தின் ஆமை வேகத்துக்கு ஈடுகொடுக்க மூக்கைத் தூக்கிக்கொண்டு தள்ளாடின. முன்னால் இருந்தது கேப்டன் முகூர். அவன் தலைக்கவசத்தின் கீறல்கூடத் தெரிகிற நெருக்கம். சாயும் வெயில், கீழே தகடாகக் கடல். இதுதான் அட்டைப்படம் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. விடாமல் அழுத்தினாள்.

கறுப்பாக ஏதோ ஒன்று குறுக்கே பாய்ந்து மறைந்தது.

திரும்பினாள். மேஜரின் கேமராவில் கண் வைக்கும் இடத்து ரப்பரைக் காணோம். அவர் கட்டைவிரல் அந்த வெற்றிடத்தைத் தடவிக்கொண்டிருந்தது. அவளைப் பார்த்தார். வேண்டாம் என்பதுபோல் மெல்லத் தலையாட்டினார்.

இன்னும் இரண்டு நிமிஷம் வாயை மூடிக்கொண்டிருந்தால் வேலை முடிந்துவிடும். அட்டைப்படமும் கிடைக்கும், மேஜரின் பகையும் இருக்காது. முகூர் அந்தப் பக்கம் ஒரு கையைத் தூக்கிக் காட்டினான், நல்லா எடு என்பதுபோல.

"நிறுத்துங்க" என்றாள் ஒலிவாங்கியில். "கதவு வழியா ஒண்ணு விழுந்திருச்சு."

நிறுத்து என்று யார் சொன்னாலும் கேள்வி கிடையாது. இரண்டு விமானங்களும் பிரிந்து, தளத்தை நோக்கித் திரும்பின.

தரையில் மெக்கானிக்குகள் விளக்கோடு எஞ்சின் வாய்க்குள் தவழ்ந்து பார்த்தார்கள். ஒரு கீறலும் இல்லை. அந்த ரப்பர் எப்போதோ தொலைந்தது என்று ஸம்ஃபிர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். பொண்ணு பயந்துபோச்சு, ஏதோ பறவையைப் பார்த்திருக்கும் என்றார். சிலர் சிரித்தார்கள். அவளுக்குச் சண்டை போடக்கூடத் தெம்பில்லை.

சாயங்காலம் அலுவலக அறையில் படங்களைத் திறந்தாள். அட்டைக்கு என்றே பிறந்ததுபோல் ஒன்று இருந்தது. அதில், முகூருடைய விமானத்தின் வாய்க்குச் சற்றுக் கீழே, கடலின் மேல் ஒரு கறுப்புப் புள்ளி. பெரிதாக்கினாள். நடுவில் ஓட்டை போட்ட ரப்பர் வளையம்.

பின்னால் ஸம்ஃபிர் வந்து நின்றது மூச்சில் தெரிந்தது.

"அது தூசி" என்றார். "தொடச்சுட்டு அனுப்பு. உன் பேரே வரட்டும். நான் குறுக்க நிக்கல."

மூன்று வருஷமாகக் காத்திருந்தது இவ்வளவு மலிவாக வரும் என்று அவள் நினைக்கவில்லை. அம்மாவின் முகம் வந்து போனது.

"புள்ளி இருந்தா என் பேரு, மேஜர் ஐயா" என்றாள். "புள்ளி போச்சுன்னா உங்க பேரைப் போட்டுக்கங்க. ஆசிரியருக்கு எதை அனுப்பணும்னு நீங்களே சொல்லுங்க."

அவர் சொன்னார்.

பத்திரிகை வந்த அன்று அம்மா தொலைபேசியில் கூப்பிட்டாள். கடைக்காரி முன்னால் கண்ணாடி போட்டுப் பக்கம் பக்கமாகத் தேடினாளாம். வானம் ரொம்பச் சுத்தமாக இருந்ததாம். "ஒம் பேரு இந்தத் தடவையும் இல்லையேடி" என்றாள். ஆமாம்மா என்றாள் ஸ்மரண்டா.

அடுத்த வாரம் மறுபடி ஏற்றம், அதே குளிர். ஸம்ஃபிர் அவளைச் சோதித்து முடித்தார். டிராக்டர் கிண்டல் வரவில்லை. அவர் படியில் கால் வைக்கப் போனபோது அவள் குறுக்கே நின்று, பல்லால் டேப்பைக் கிழித்தாள்.

"கையத் தூக்குங்க."

சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மேஜர் அவளைப் பார்த்தார். பிறகு கேமராவை அவளிடம் நீட்டிவிட்டு, இரண்டு கைகளையும் தூக்கினார். அவள் புது ரப்பரைச் சுற்றி டேப்பை ஒட்டி, நகத்தால் அழுத்தித் தேய்த்தாள்.