பக்குவமாகச் சொன்னது

ஆபரேஷன் தியேட்டர் வாசலில் ஸ்ட்ரெச்சர் நின்றதும் வெங்கடபதி தலையைத் தூக்கிக் கேட்டார்.

"ஏனுங்க டாக்டர் தம்பி, வர்ற திங்கக்கெழம சந்தைக்கு மாட்டை ஓட்டிக்கிட்டுப் போயரலாமுங்களா? ரெண்டு மைலுதானுங்க, காலைல வெயிலுக்கு முன்னால நடந்துருவேன்."

கூடவே நடந்துவந்த ஹவுஸ் சர்ஜன் சசிதர் திடுக்கிட்டான். இன்னும் கால் மணி நேரத்தில் அந்த மனிதருக்கு வலது முழங்காலுக்குக் கீழே ஒன்றும் இருக்கப்போவதில்லை. அது அவருக்குத் தெரியவில்லை. தெரியும்படி சொல்ல வேண்டிய ஆள் சசிதர்தான். நேற்று சாயங்காலம் சொல்லி, கையெழுத்தும் வாங்கியாகிவிட்டது.

வெறுமனே சொல்லவில்லை, பாராட்டு வாங்குகிற அளவுக்குச் சொல்லியிருந்தான். பீளமேட்டில் அவன் இருந்த மருத்துவக் கல்லூரியில் அந்தத் தொண்ணூற்றாறாம் வருடம்தான் டாக்டர் அருள்செல்வி ஒரு புது வகுப்பு ஆரம்பித்திருந்தார். நோயாளியிடம் எப்படிப் பேசுவது என்று ஹவுஸ் சர்ஜன்களுக்கு வியாழக்கிழமைதோறும் பாடம். பையன்கள் அதற்கு 'அழுவாச்சி கிளாஸ்' என்று பெயர் வைத்துக் கிண்டலடித்தார்கள். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார வேண்டும், பேர் சொல்லிப் பேச வேண்டும், கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது, பயமுறுத்தக் கூடாது. கடைசியில், என்ன புரிந்தது என்று நோயாளியையே திருப்பிச் சொல்லச் சொல்ல வேண்டும்.

நேற்று அருள்செல்வி கட்டிலின் கால்மாட்டில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, சசிதர் ஸ்டூலில் உட்கார்ந்து வெங்கடபதியின் கையைப் பிடித்துக்கொண்டான். "சக்கரை வியாதியில கால்ல சீழ் வெச்சுப்போச்சுங்க ஐயா. அப்படியே உட முடியாதுங்க. கெட்டுப்போனதையெல்லாம் எடுத்துப்போட்டுச் சுத்தம் பண்ணிப்போடலாமுங்க. நீங்க தைரியமா இருக்கோணும்."

"செரிங்க. நீங்க பாத்துச் செய்யுங்க," என்றார் அவர். இங்கிலீஷில் அச்சடித்த படிவத்தில் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார்.

திருப்பிச் சொல்லச் சொல்லவில்லை. அப்பா வயதுக்காரரைப் பிடித்து, மூன்றாம் வகுப்புப் பையனைக் கேட்பதுபோல "எங்கே, நான் சொன்னதைச் சொல்லுங்க" என்று எப்படிக் கேட்பது? பெரியநாயக்கன்பாளையத்தில் அவன் வீட்டில் யாரும் பெரியவர்களை அப்படிக் கேட்டதில்லை. அருள்செல்வியும் அந்தப் பக்கத்துக்காரர்தான், அவருக்கும் அது குறையாகப் படவில்லை. "ரொம்பப் பக்குவமாச் சொன்னே சசி" என்று தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். அவன் மெஸ்ஸுக்குத் தரையில் கால் படாமல் போனான்.

அந்தப் பக்குவம் எவ்வளவு பெரிய புளுகு என்பது இப்போதுதான் உறைத்தது.

உள்ளே சீஃப் சர்ஜன் லட்சுமணசாமி கையுறை மாட்டிக்கொண்டு காத்திருந்தார். இன்றைக்குத் தள்ளிப்போனால் விஷம் ரத்தத்தில் ஏறிவிடும் என்று காலையிலேயே சொல்லியிருந்தார். காய்ச்சல் நூற்று மூன்று. இந்த நேரத்தில் உண்மையைச் சொன்னால் மனிதர் இறங்கி ஊருக்குப் போகக் காங்கேயம் பஸ் ஏறிவிட்டாலும் ஏறிவிடுவார். போனால் பிழைக்க மாட்டார். "போயரலாமுங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், உயிர் தப்பிவிடும். கையெழுத்து இருக்கிறது. யாரும் குறை சொல்லப்போவதில்லை. சசிதர் அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தான். வெங்கடபதி அவனை முழுசாக நம்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். சொல்ல முடியவில்லை.

"ஐயா, நேத்து நான் உங்ககிட்டச் செரியாச் சொல்லலீங்க. வலது காலை எடுக்கப்போறோமுங்க. முழங்காலுக்குக் கீழ முழுசா."

"செரிங்க," என்றார் அவர்.

நேற்றாக இருந்தால் அதோடு விட்டிருப்பான். "நான் என்ன சொன்னேன்னு நீங்க ஒருக்காச் சொல்லுங்க ஐயா."

அவர் போர்வை மூடிய காலைப் பார்த்தார். நர்ஸ் ஸ்ட்ரெச்சரைத் தள்ளப் போனாள். சசிதர் கம்பியைப் பிடித்து நிறுத்தினான்.

"என்னய்யா அங்க?" உள்ளேயிருந்து லட்சுமணசாமியின் குரல் வந்தது. "கையெழுத்து வாங்கியாச்சில்ல?"

"வாங்கியாச்சு சார். ஆனா அவருக்குத் தெரியாது சார்."

லட்சுமணசாமி உறை மாட்டிய கைகளை நெஞ்சுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தபடி வாசலுக்கு வந்தார். பெரியவரைப் பார்த்தார். சசிதரைப் பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை போலிருந்தது. "பத்து நிமிஷம்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

வெங்கடபதி முழங்கையை ஊன்றி எழுந்தார். "எடுக்கறதுன்னா, வெட்டறதுங்களா?"

"ஆமாங்க."

"வேண்டாம்னு போட்டா?"

"ரெண்டு மூணு நாளுதானுங்க தாங்கும். உசுரு போயிருமுங்க."

அவர் மறுபடி சாய்ந்து விட்டத்தைப் பார்த்தார். சுவர்க் கடிகாரத்தில் இரண்டு நிமிடம் ஓடியது. சசிதருக்குப் பேசிப் பேசி அவரைச் சம்மதிக்க வைத்துவிட வேண்டும் என்று நாக்குத் துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான்.

"பங்காரம்மாளைக் கூப்புடு," என்றார். அவர் பேச்சில் மரியாதை போய்விட்டிருந்தது.

நடையில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த மனைவியை அவன் ஓடிப்போய்க் கூட்டிவந்தான். வெங்கடபதி வீட்டுத் தெலுங்கில் இரண்டே வாக்கியத்தில் அவளிடம் சொன்னார். சசிதர் வீட்டிலும் அதே தெலுங்குதான், ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது. பங்காரம்மாள் போர்வைக்கு மேலாகவே அந்தக் காலின்மேல் கையை வைத்தாள். வைத்த கையை எடுக்கவில்லை.

"அந்தக் காயிதத்தைக் கொண்டா. காலை வெட்டறதுன்னு தமிழ்ல எழுது," என்றார் வெங்கடபதி.

எழுதினான். எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டார். பேனாவை அவனிடம் திருப்பிக் கொடுத்தார்.

"நேத்தே சொல்லியிருந்தீன்னா ராத்திரி பூரா நானும் இவளும் அழுது முடிச்சிருப்போம். இப்ப அதுக்குக்கூட நேரமில்லாமப் பண்ணிப்போட்டியே கண்ணு."

லட்சுமணசாமி கொடுத்த பத்து நிமிடத்தில் இன்னும் மூன்று நிமிடம் மிச்சமிருந்தது. அவன் நர்ஸை உள்ளே போகச் சொல்லி, தியேட்டர் கதவைச் சாத்தி, புருஷன் பெண்டாட்டி பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு அதன் குறுக்கே நின்றான். உள்ளேயிருந்து இரண்டு தரம் கூப்பிட்டார்கள். மூன்று நிமிடமும் முடிகிறவரை அவன் கதவைத் திறக்கவில்லை.