கதவைச் சாத்திய அரைமணி

வாசல் கதவு நகர மறுத்தது. மகள் தோளைக் கொடுத்துத் தள்ளினாள். ஒவ்வொரு முறையும் அதைத் திறந்தபடியே வைத்து வண்ணம் பூசியதில் கீல்கள் இறுகிப்போயிருந்தன. சட்டமன்ற உறுப்பினர் வீட்டுக் கதவு பகலில் சாத்தியிருக்காது என்று முதல் தேர்தல் மேடையில் அப்பா ஏதோ வேகத்தில் சொல்லிவிட்டார். மற்ற வாக்குறுதிகள் என்ன ஆனாலும் இதை மட்டும் சாகும்வரை காப்பாற்றினார்.

காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்துவிட்டார். இப்போது கூடத்துக் கட்டிலில் கட்சிக் கொடி போர்த்திக் கிடந்தார். மதியம் கட்சி அலுவலகம், பிறகு சட்டமன்ற வளாகம், அங்கிருந்து நேராக அடக்கம். வண்டி கிளம்பினால் இனி வீட்டுக்கு வரமாட்டார்.

"அரைமணி நேரம் போதும்," என்று அம்மா கேட்டிருந்தாள். "யாரும் இல்லாம அவர் பக்கத்துல உக்காரணும். வேற எதுவும் வேணாம்."

கட்சிச் செயலாளர் தலையைச் சொறிந்தார். "தொகுதியே வெளிய நிக்குதும்மா. கதவைச் சாத்தினா தப்பா பேசுவாங்க."

"பேசட்டும் அண்ணே," என்றாள் மகள். "இத்தனை வருஷம் அவங்களுக்குத்தானே விட்டுக் குடுத்தோம்."

ஆளும்கட்சியோ எதிர்க்கட்சியோ, சபையில் அவர் உட்காரும் பக்கம் மாறியதே தவிர, தொகுதி அவரை மாற்றவில்லை. மந்திரி பதவிதான் கடைசிவரை டிமிக்கி கொடுத்தது. குடிநீர்க் குழாய், பள்ளிக்கூடக் கூரை, சாக்கடை அடைப்பு என்று சாப்பிடும் தட்டுவரை ஆட்கள் வந்து நிற்பார்கள். மகளின் கல்யாணத்தில்கூட வாழ்த்த வந்தவர்களோடு வரிசையில் வந்து, வாழ்த்திவிட்டு, அவசரமாகக் கிளம்பினார். வீட்டுச் சங்கதி எதுவானாலும் ஒருவர் எழுந்து அடுத்தவர் உட்காரும் இடைவெளியில்தான் அம்மா சொல்லி முடிக்க வேண்டும்.

கதவு முனகிக்கொண்டே சாத்திக்கொண்டது. துருப்பிடித்த தாழ்ப்பாள் அசையவில்லை. போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

வெளியிலிருந்து வந்த சத்தம் அடங்கியதும் கூடம் யார் வீடோ போலிருந்தது. அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கொடியின் சுருக்கத்தை நீவினாள். வாயைத் திறந்து, மூடிக்கொண்டாள்.

"நான் உள்ள போகட்டுமாம்மா?"

"இருடி. எவ்வளவோ சேத்து வெச்சிருந்தேன். எங்கேருந்து ஆரம்பிக்கறதுன்னே தெரியல."

மகள் சுவரில் சாய்ந்தாள். அழுகையைவிட அசதிதான் அதிகமாக இருந்தது. வேறு ஆளில்லாத வீட்டில் அம்மாவும் அப்பாவும் பேசிக்கொண்டிருப்பதை அவள் பார்த்ததே இல்லை.

அம்மா அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஏங்க," என்றாள்.

கதவு தட்டும் சத்தம் கேட்டது. பலமாக இல்லை, யாரோ தயங்கித் தயங்கித் தட்டினார்கள்.

மகள் நகர்வதற்குள் அம்மா கையை விட்டுவிட்டு எழுந்திருந்தாள். கலைந்த முடியை ஒதுக்கிக்கொண்டு, தினமும் கொடுக்கும் அதே குரலைக் கொடுத்தாள்.

"வாங்க, உள்ள வாங்க. ஐயா இருக்காரு."

சொன்ன பிறகுதான் வாயைப் பொத்திக்கொண்டாள். அதற்குள் கதவு திறந்து ஜனம் உள்ளே வந்துகொண்டிருந்தது. முன்னால் வந்த பெரியவருக்கு நிற்க முடியவில்லை. அம்மா தன் நாற்காலியை அவர் பக்கம் நகர்த்திவிட்டு, வழிவிட்டுச் சுவரோரம் போய் நின்றாள்.